முயலோடு பழக, முதலில் தரையில் உட்காருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. மூன்று மாதங்களுக்கு முன் அவளுடைய பிறந்தநாளுக்கு ஒரு குட்டி முயல் வாங்கிக் கொடுத்தோம். அவள் ஆசையாகத் தூக்கிக் கொஞ்சப் போனால் அது உதைத்துக் கையெல்லாம் கீறிவிடுகிறது. இப்போது கூண்டைத் திறந்தாலே மூலையில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. "அதுக்கு என்னைப் பிடிக்கலம்மா" என்று பிள்ளை அழுகிறாள். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கலாமா?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: திருப்பிக் கொடுக்க வேண்டாம், சகோதரி. வேறொரு முயல் வந்தாலும் தூக்கினால் அதுவும் உதைக்கத்தான் செய்யும். நாயும் பூனையும் வேட்டையாடிப் பிழைத்த இனங்கள். முயலோ வேட்டைக்கு இரையாகிப் பிழைத்த இனம். கழுகும் நரியும் அதைக் கவ்வித் தூக்கிக்கொண்டுதான் போகும். ஆகவே நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில், தன் கதை முடிந்தது என்றே முயலின் உடம்பு நினைத்துக்கொள்கிறது. உங்கள் மகளின் கை அன்பான கை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். முயலுக்கு அது இன்னும் தெரியாது.

இதில் ஆபத்தும் இருக்கிறது. முயலின் பின்கால் தசைகள் மிகவும் வலுவானவை, எலும்புகளோ மெலிந்தவை. பிடிக்குள் சிக்கி ஓங்கி உதைக்கும்போது தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் முயல்கள் உண்டு. சிறு பிள்ளையின் கையிலிருந்து நழுவி விழுந்தாலும் இதே விபரீதம் நேரலாம். ஆகையால் வீட்டில் ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: முயலைத் தூக்குவது பெரியவர்களின் வேலை, அதுவும் நகம் வெட்டவோ மருத்துவரிடம் கொண்டு போகவோ தேவைப்படும்போது மட்டும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் மறு கை பின்பாகத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும். உடனே உங்கள் உடம்போடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். காதைப் பிடித்துத் தூக்குவதை யார் செய்தாலும், கடைக்காரரே செய்தாலும், தடுத்துவிடுங்கள். உடம்பின் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடுகிற இடம் அது. பிடித்துத் தூக்கும் கைப்பிடி அன்று.

அப்படியானால் மகள் என்னதான் செய்வாள் என்று கேட்பீர்கள். தரையில் உட்காரட்டும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் முயல் இயல்பாகவே சுறுசுறுப்பாக இருக்கும். நம் ஊரில் காலை ஏழு மணி, மாலை ஏழு மணி என்று வைத்துக்கொள்ளலாம். மாலையில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்து அவள் வீட்டுப்பாடத்தை எழுதட்டும். முயலைப் பார்க்க வேண்டாம், கூப்பிட வேண்டாம், கையை நீட்டவும் வேண்டாம். முதல் சில நாள் அது வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். பிறகு ஒரு நாள் உடம்பை ரப்பர் போல நீட்டி, பின்கால்களைக் கதவுக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு, மூக்கை மட்டும் முன்னே விட்டு மோந்து பார்க்கும். அந்த நேரத்தில் ஆர்வத்தில் கையை நீட்டிவிட்டால் ஒரு வாரப் பொறுமை வீணாகிவிடும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என் வீட்டில் இப்போது இருக்கும் சாம்பல் நிறப் பெண் முயல் பதினோராவது நாளில்தான் என்னிடம் வந்தது. நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தேன். முதலில் என் கால் கட்டைவிரலில் மீசை முடிகள் பட்டன. பிறகு ஈரமில்லாத மெல்லிய மூக்கு. அதன்பின் தாடையை என் கணுக்காலில் இரண்டு முறை தேய்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. முயலின் தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி உண்டு. 'இது என்னுடைய பொருள்' என்று மேசைக் காலில் அடையாளம் வைப்பது போலவே என் காலிலும் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை உங்கள் மகளும் அடைய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அது அருகில் வந்து பழகிய பிறகு, உள்ளங்கையில் ஒரு கொத்தமல்லித் தழையை வைத்துக் காட்டலாம். அதன்பின் தடவலாம். ஆனால் மூக்குக்கு நேரே கையைக் கொண்டு போகக் கூடாது. கண்கள் தலையின் இரு பக்கமும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய நாலாபுறமும் பார்க்கிற முயலுக்கு, தன் மூக்கின் நுனிக்கு முன்னே இருப்பது மட்டும் தெரியாது. அங்கிருந்து வரும் கை திடீரென்று முளைத்த கையாகவே தோன்றும். பக்கவாட்டிலிருந்து கையைக் கொண்டு வந்து நெற்றியிலும் காதின் அடியிலும் மெல்லத் தடவச் சொல்லுங்கள். வயிற்றையும் பாதங்களையும் தொட வேண்டாம்.

கூண்டின் அடிப்பகுதி கம்பி வலையாக இருந்தால் அதன் மேல் பாயோ தடித்த துணியோ விரியுங்கள். முயலின் பாதத்தில் பூனைக்கு இருப்பது போன்ற மெத்தைத் தசை கிடையாது, ஆகவே கம்பி அழுத்திப் புண்ணாகும். ஒரு அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கம் வாசல் வெட்டிக் கூடத்தில் வையுங்கள். ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது என்று தெரிந்த முயல்தான் துணிந்து வெளியே வரும். அது பெட்டிக்குள் இருக்கும்போது யாரும் கைவிட்டு இழுக்கக் கூடாது.

கேள்வி: நானும் என் மனைவியும் நான்கு ஆண்டுகளாக ஒரு முயல் வளர்க்கிறோம். காலையில் ரொட்டி, பகலில் கேரட், மாலையில் கங்கோங் கீரை கொடுத்து வருகிறோம். நேற்று மாலையிலிருந்து எதையும் தொடவில்லை. கூனிக் குறுகி உட்கார்ந்திருக்கிறது. உடம்புக்கு முடியாமல் இருந்தால் ஓய்வெடுக்கட்டும் என்று விட்டுவிடலாமா?
– பணி ஓய்வு பெற்ற வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஐயா, உங்கள் கடிதம் கையில் கிடைத்த அன்றே தொலைபேசியில் பேசி, உடனே மருத்துவரிடம் கொண்டு போகச் சொன்னேன். முயல் பிழைத்துக்கொண்டது என்று நீங்கள் பிறகு சொன்ன செய்தியால் மனம் நிறைந்தது. மற்ற வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முயல் பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் உண்ணாமலோ, புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசர நிலை. நாயும் பூனையும் ஒரு வேளை பட்டினி கிடந்தால் தாங்கும், முயல் தாங்காது. அதன் குடல் இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இயக்கம் மந்தமானால் உள்ளே வாயு சேர்கிறது. வாயுவினால் வலி உண்டாகிறது. வலியினால் முயல் மேலும் உண்ண மறுக்கிறது. உண்ணாததால் குடல் இன்னும் மந்தமாகிறது. வாந்தி எடுத்துத் தப்பித்துக்கொள்ளவும் முயலின் உடலமைப்பு இடம் கொடுக்காது. இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது அது சத்தம் போடாது. நோயைக் காட்டிக்கொள்ளும் முயல்தான் காட்டில் முதலில் பிடிபடும் என்பதால், வலியை மறைப்பது அதன் பிறவிக் குணமாகிவிட்டது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதன்முதலாக நான் வளர்த்த வெள்ளை முயல், ஒரு மாலையில் கேரட்டைக்கூட மோந்து பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தது. களைப்பாக இருக்கும், விடிந்ததும் பார்க்கலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்தபோது அது இல்லை. அதற்கும் ரொட்டியும் கேரட்டும்தான் கொடுத்து வந்தேன். அறியாமல் செய்தேன் என்றாலும் செய்தவள் நான்தான்.

ஆகவே உணவைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். முயலின் சாப்பாடு புல். பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும், அது இரவும் பகலும் கூண்டில் குறையாமல் இருக்க வேண்டும். திமோத்தி என்ற இறக்குமதிப் புல் கடைகளில் கிடைக்கிறது. நெல் வைக்கோல் இதற்கு ஈடாகாது. படுக்கையாக விரிக்கலாம், உணவாகக் கணக்கில் கொள்ளக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளுக்கு அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) என்ற உலர்ந்த தீவனப் பயிரைக் கொடுக்கலாம். வளர்ந்த முயலுக்கு அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மிகுதி. புல்லிலுள்ள நார்தான் குடலைத் தள்ளி இயக்குகிறது. பற்களைத் தேய்ப்பதும் அந்தப் புல்தான். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். புல்லை அரைத்து அரைத்துத் தேயாவிட்டால் கடைவாய்ப் பற்கள் கூராகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும்.

நம் ஊர் ஈரக்காற்றில் உலர்புல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைக்காமல், காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள். நல்ல புல்லில் காய்ந்த வயலின் மணம் வரும். மக்கிய வாடை அடித்தால் விலையைப் பாராமல் கொட்டிவிடுங்கள்.

பெல்லட் எனப்படும் அழுத்திய தீவனம் முயலின் உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். கொத்தமல்லி, புதினா, கடுகுக்கீரை ஆகியவற்றைக் கழுவி ஒரு கைப்பிடி கொடுக்கலாம். கங்கோங்கை மட்டுமே தினமும் கொடுக்காமல் மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். கேரட் சர்க்கரை மிகுந்த கிழங்கு, அது பண்டிகைப் பலகாரம் போல வாரத்தில் ஒன்றிரண்டு துண்டு போதும். ரொட்டி, பிஸ்கட், சோறு ஆகியவற்றை அறவே நிறுத்திவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் சாக்லேட்டும் அவகாடோவும் நஞ்சு. பழக்கத்தை ஒரே நாளில் மாற்றாமல், இரண்டு மூன்று வாரத்தில் பழையதைக் குறைத்துப் புல்லைக் கூட்டி வாருங்கள். தண்ணீரைப் புட்டியில் தொங்கவிடுவதைவிடக் கனமான பீங்கான் கிண்ணத்தில் வைத்தால் நன்றாகக் குடிக்கும்.

காலையில் எழுந்ததும் புழுக்கையைப் பாருங்கள் ஐயா. உருண்டையாக, ஒரே அளவாக, விரலால் நசுக்கினால் உள்ளே புல் நார் தெரியும்படி இருந்தால் முயல் நலமாக இருக்கிறது. சிறுத்தோ, கோணலாகவோ, மணிமாலை போல முடியில் கோத்துக்கொண்டோ வந்தால் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று: எல்லாக் கால்நடை மருத்துவரும் முயலைப் பார்ப்பதில்லை. முயல் நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் விசாரித்து, முயலுக்கு மருத்துவம் பார்க்கிறவரின் எண்ணைக் குறித்து வையுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்குக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வாய்வழி போனால் முயலின் குடல் நுண்ணுயிர்களை அழித்து உயிரையே பறித்துவிடும். நாய் பூனைகளின் உண்ணிக்குப் பூசும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு ஆகாது.

கேள்வி: 2023 சீனப் புத்தாண்டு முயல் ஆண்டு என்பதால் அப்போது ஒரு முயல் வாங்கினோம். அடுக்குமாடி வீடு, கூண்டைப் பால்கனியில் வைத்திருக்கிறோம். பகலில் வேகமாக மூச்சு வாங்குகிறது. குளிப்பாட்டினால் சூடு தணியுமா?
– வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: கூண்டை இன்றே வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். உலகிலுள்ள வளர்ப்பு முயல்கள் அனைத்தும் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. பகல் வெயிலை மண்ணுக்குள் தோண்டிய குளிர்ந்த வளையில் கழித்த இனம் அது. அதற்கு ஏற்ற வெப்பம் 15 முதல் 21 டிகிரி வரை. 28 டிகிரியைத் தாண்டினால் துன்பப்படத் தொடங்கும். நம் ஊரில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி. வியர்க்கவும் தெரியாத விலங்கு, பால்கனிச் சுவரின் அனலில் கூண்டுக்குள் அடைபட்டிருந்தால் எப்படித் தாங்கும்?

வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத தரையில் இடம் கொடுங்கள். மின்விசிறி அறைக் காற்றை அசைக்கட்டும், ஆனால் நேரே முகத்தில் அடிக்க வேண்டாம். தண்ணீர்ப் புட்டியை உறையவைத்து, துணியில் சுற்றிக் கூண்டில் வைத்தால் முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். சும்மா கிடக்கும் ஒரு பீங்கான் தரை ஓடு (டைல்) ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்தெடுத்துப் படுக்கப் போடுவதும் நல்ல வழி. வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, காது அனலாகக் கொதித்து உடல் துவண்டாலோ, குளிர்ந்த (ஐஸ் அல்லாத) நீரில் நனைத்த துணியால் காதுகளை ஒற்றிக்கொண்டே மருத்துவரிடம் விரையுங்கள்.

குளிப்பாட்ட வேண்டாம். முயல் பூனையைப் போலத் தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும். தண்ணீரில் முக்கினால் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்போகக்கூடும். அடர்ந்த ரோமமும் எளிதில் உலராது. பின்பக்கம் அழுக்கானால் அந்த இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள், ஏனென்றால் அழுக்கில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும்.

நல்ல பராமரிப்பில் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அடுத்த முயல் ஆண்டு 2035-இல் வருகிறது. புத்தாண்டுக்கு என்று வாங்கிய முயலுக்கும் அதுவரை நம் வீட்டில் இடம் வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கிறதே என்று இன்னொரு முயல் வாங்கினோம். இரண்டும் பெண் என்றார்கள். ஒரு மாதத்தில் ஐந்து குட்டிகள்! இனி என்ன செய்வது? சிலவற்றைப் பூங்காவில் விட்டுவிடலாமா?
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: பூங்காவில் விடவே கூடாது. வீட்டில் பிறந்த முயலுக்கு நாயிடமிருந்து ஓடவும் தெரியாது, இரை தேடவும் தெரியாது. ஓரிரு நாளிலேயே அது இறந்துவிடக்கூடும். வளர்க்கிறவர் தம் விலங்கின் தேவைகளைக் கவனித்தாக வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் சொல்கிறது.

முதல் வேலையாக, இரண்டில் ஆணாக இருக்கும் முயலை வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். குட்டி போட்ட அன்றே பெண் முயல் மீண்டும் கருத்தரித்துவிடும். 31 நாளில் அடுத்த ஈற்று. தாய் நாளுக்கு ஓரிரு முறை மட்டுமே, அதுவும் சில நிமிடங்களே பால் கொடுக்கும். அதைக் கண்டு தாய் கைவிட்டுவிட்டது என்று எண்ணிப் பசும்பால் புகட்டிவிடாதீர்கள். குட்டிகளின் வயிறு உருண்டு திரண்டிருந்தால் பால் கிடைத்திருக்கிறது என்று பொருள். எட்டு வாரம்வரை தாயோடு இருக்கட்டும். அதற்குள் நல்ல வீடுகளைத் தேடுங்கள்.

பிறகு இரண்டுக்கும் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். பெண்ணுக்கு இது மிகவும் முக்கியம், ஏனெனில் அறுவை செய்யாத பெண் முயல்களுக்கு நான்கு ஐந்து வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் அதிகமாக வருகிறது. ஆணுக்கு அறுவை முடிந்தபின்னும் ஆறு வாரம் சேர்க்க வேண்டாம். அதன்பின் கூண்டுகளை அருகருகே வைத்து, இரண்டுக்கும் சொந்தமல்லாத புது இடத்தில், உங்கள் கண்ணெதிரே சிறிது சிறிதாகப் பழக்குங்கள். முயலுக்குத் துணை வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரிதான். அது கூட்டமாக வாழும் விலங்கு.

கேள்வி: நான் ஐந்தாம் ஆண்டு படிக்கிறேன். என் முயல் தன் புழுக்கையைத் தானே சாப்பிடுகிறது. அதற்கு வியாதியா? இன்னொரு கேள்வி: அதற்கு என்னைப் பிடிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– மாணவன், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறாய், தம்பி. அது வியாதி அன்று. முயல் இரண்டு வகைப் புழுக்கை போடும். காய்ந்த உருண்டை ஒரு வகை, அது கழிவு. மற்றது சின்னத் திராட்சைக் குலை போல மென்மையாகப் பளபளப்பாக இருக்கும். பசு அசைபோடுவதை நீ பார்த்திருப்பாய். புல்லை ஒரே தடவையில் செரிக்க முடியாததால் பசு அதை வாய்க்குத் திரும்பக் கொண்டு வந்து மெல்லுகிறது. முயலால் அப்படிச் செய்ய முடியாது. ஆகவே குடலிலுள்ள பெரிய பையில் புளிக்கவைத்த மென்புழுக்கையை நேரே வாயால் எடுத்து விழுங்கி, அதிலுள்ள வைட்டமினையும் புரதத்தையும் இரண்டாம் தடவை எடுத்துக்கொள்கிறது. நீ தடுக்காதே. அந்த மென்புழுக்கை தின்னப்படாமல் தரையில் நிறையக் கிடந்தால் மட்டும் அம்மாவிடம் சொல். தீவனமோ இனிப்போ அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

இனி உன் இரண்டாவது கேள்வி. முயல் நாயைப் போல வாலை ஆட்டியோ குரல் கொடுத்தோ அன்பைக் காட்டாது. ஆனால் உன்னைச் சுற்றி ஓடி, திடீரென்று காற்றில் எம்பி உடம்பை முறுக்கித் துள்ளினால் அதற்கு மகிழ்ச்சி. உன் பக்கத்தில் தொப்பென்று பக்கவாட்டில் சாய்ந்து படுத்தால், இங்கே எனக்குப் பயமில்லை என்கிறது. பார்ப்பதற்கு மயங்கி விழுந்தது போல இருக்கும், நீ பயப்படாதே. தலையைத் தாழ்த்தி உன் கைக்கு முன்னால் வைத்தால் தடவச் சொல்கிறது. பின்காலால் தரையில் 'டம்' என்று அடித்தால் எதற்கோ அஞ்சுகிறது. தீபாவளிப் பட்டாசு வெடிக்கும் இரவில் இதை நிறையக் கேட்பாய். அன்று அதை உள்ளறையில் வைத்து, சன்னலைச் சாத்தி, மின்விசிறியை ஓடவிட்டு, நீயும் கொஞ்ச நேரம் கூட உட்கார்ந்திரு.

நெற்றியைத் தடவும்போது உன் விரல்களை அதன் கன்னத்தில் லேசாக வைத்துப் பார். பற்கள் மெல்ல மெல்ல உரசும் ஒரு சின்ன அதிர்வு விரலில் தெரியும்; காதில் விழுவதைவிட விரலுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். கண் பாதி மூடியிருக்கும். அதற்கு உன்னைப் பிடித்திருக்கிறது, தம்பி. ஆனால் கூனி உட்கார்ந்துகொண்டு, உனக்கே கேட்கும்படி 'நறநற' என்று பல்லைக் கடித்தால் அது வலி. அப்போது உடனே அம்மா அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொல்.